ஏழு வயதுப் பயணியின் கனிவான கவனத்திற்கு

நாற்பதாயிரம் பேர். நகரப் பேருந்து நிலையத்துக்கு ஒரு நாளில் வந்து போகிற கூட்டம் அது. அத்தனை பேரும் அவள் சொன்ன இடத்தில் நின்று, அவள் சொன்ன வண்டியில் ஏறுகிறார்கள். அவள் அங்கே அறிவிப்பாளர். வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடாது. ஏழு வயது மகளுக்கு வாலு என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

வாலுவின் தலையில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். மிச்சத்தை அழிக்க ஆறு வாரக் கதிர்வீச்சு. முகத்தில் வலை போன்ற முகமூடியை மாட்டி, மேசையோடு பொருத்திவிடுவார்கள். கதிர் பாயும் சில நிமிடங்கள் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. பிள்ளை இம்மியும் அசையக் கூடாது. ஒரு வாய் சோற்றுக்கு நாற்காலியை மூன்று முறை சுற்றி வருகிற பிள்ளைக்கு இந்த நிபந்தனை.

முதல் நாள் வாலு போட்ட கூச்சலில் வராந்தாவே எட்டிப் பார்த்தது. நாளையும் இப்படியென்றால் தினமும் மயக்க மருந்துதான் என்றார் டாக்டர். வெறும் வயிற்றோடு வர வேண்டும், தெளிய அரை நாள் போய்விடும். அம்மாவுக்கோ நண்பகல் ஷிப்ட். அப்பா அச்சகத்தில் இரவு வேலை முடித்து, சிவந்த கண்ணோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வருபவர். பிள்ளைக்குத் தினம் ஊசி போட்டுத் தூங்க வைக்க இருவருக்கும் மனமே இல்லை.

மறுநாள், மூடிய கதவுக்கு வெளியே, கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் மைக்கை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"பேசுங்கம்மா. பாப்பாவுக்கு உள்ள கேக்கும்."

"செல்லம், அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்று அழுகுரலில் தொடங்கினாள். திரையில் வாலுவின் கால் உதற ஆரம்பித்தது. அம்மா மைக்கை அணைத்தாள். செருமிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாலு அவர்கள் செல்லும் சிறப்புப் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள் கண்களை மூடி, கை கால்களை அசைக்காமல் படுத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கால் நின்றது. வாலுவை அதுவரை யாரும் 'அவர்கள்' போட்டுக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூட நிறுத்தம், ஐஸ்கிரீம் கடை நிறுத்தம், மாமா வீட்டு நிறுத்தம் என்று அம்மா ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே போனாள், இயந்திரம் ஓயும்வரை. மயக்க மருந்துப் பேச்சை டாக்டர் பிறகு எடுக்கவே இல்லை. நாளைக்கு எந்த ஊர் என்று டெக்னீஷியன் முந்தின நாளே விசாரிக்கத் தொடங்கினார்.

நான்காவது வாரம் நிலையத்தில் வாய் தவறியது. மூன்றாம் நடைமேடையில் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று சொன்ன அதே மூச்சில், பயணிகள் கண்களை மூடி அசையாமல் படுத்திருக்குமாறு ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் அறிவித்துவிட்டாள். ஒரு கணம் நிலையமே தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு சிரிப்பு.

மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"ஏம்மா, டிரைவரும் கண்ண மூடிக்கணுமா?"

மகளின் சிகிச்சையைப் பற்றி வேலையிடத்தில் யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. பரிதாபப் பார்வை அவளுக்குப் பிடிக்காது. அன்று சொன்னாள். தலை குனிந்து சொல்லவில்லை.

"பெரியவங்களே பயப்படுற இடம் சார். என் பொண்ணு மயக்க மருந்து இல்லாம, தனியா, ஆடாம அசையாம படுத்திருக்கா."

அவர், பாப்பாவுக்கு எந்த ஊர் பஸ் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் கதையைக் கேட்ட வாலு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன பேரும்மா படுத்தாங்க?"

"ஒருத்தர்கூட இல்லடி."

"அப்போ அவ்ளோ பேர்ல உன் பேச்சக் கேட்டது நான் மட்டும்தான்."

அம்மா உடனே அப்பாவைக் கூப்பிட்டு, அதை வாலுவைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாள்.

வரும் திங்கள் முதல் சுழற்சி முறையில் அம்மாவுக்குக் காலை ஷிப்ட். வாலு அப்பாவோடு போவாள். மைக்கில் டெக்னீஷியன் பேசுவார்; நிறுத்தங்களின் பெயரையெல்லாம் வாலு அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.