ஹசிந்தோ கட்டாத மாடி

ஹசிந்தோ ஏணியில் ஏறும்போது கையில் நாலு காலி பாட்டில், கக்கத்தில் இரண்டு. சனிக்கிழமை காலை என்றால் இப்படித்தான். மொட்டை மாடியில் பதினாறு இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. என்றைக்காவது மேல்மாடி எழுப்பினால் தூண்களோடு சேர்த்துக் கட்ட விட்டுவைத்தவை. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார். வெயிலில் வெடித்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அங்கே இல்லாத சுவர்களைச் சுற்றிப் பார்ப்பார்.

கீழே அவர் மனைவி ஒதீலியா வாளியை நகர்த்துவாள். கம்பியின் அடியில் கூரை விரிசல் விட்டு, அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிறது. பத்தொன்பது வருஷமாக ஒழுகுகிறது.

"போயிட்டார் மாடிவீட்டுக்காரர்" என்று பீன்ஸ் பானையிடம் சொல்வாள். பானைதான் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும்.

இத்தனைக்கும் மனிதர் கொத்தனார். அவர்கள் குடியிருக்கும் குன்றில் பாதி வீட்டு மாடிகள் அவர் கட்டியவை. யார் வீட்டில் ஒழுகினாலும் கரண்டியும் சிமெண்டுமாக ஓடுவார், கூலி கேட்காமல் ஒரு காபியோடு திரும்பிவிடுவார். சொந்த வீட்டு விரிசலை ஒழுங்காக அடைக்கக் கம்பியை அறுத்தாக வேண்டும். அதற்கு மட்டும் கை வராது. "கம்பியை அறுத்தா கர்த்தர் சொன்ன வாக்கையே அறுத்த மாதிரி" என்பார்.

அந்த வாக்கு வந்த கதை ஒதீலியாவுக்கு மனப்பாடம். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. தகரக் கூரை போட்ட அவர்கள் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். ஹசிந்தோவின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். "ரெண்டு மாடி வீடு தெரியுது சகோதரரே. மேல குழந்தைங்க ஓடுற சத்தம் கேக்குது" என்றார். அவர் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டார். இவர்தான் கம்பியோடு நின்றுவிட்டார்.

அவளும் நம்பினவள்தான். அப்போது முப்பத்திரண்டு வயது. சபைத் தரையில் விழுந்து அழுதாள், மஞ்சள் நூலில் சின்னப் போர்வை பின்னினாள், தொட்டில்கூட வாங்கி வைத்தாள். நாற்பத்து மூன்றில் அந்தத் தொட்டிலை அக்காவின் மருமகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது ஐம்பத்தொன்று.

"பைபிள்ல சாராளுக்குப் பிள்ளை பொறந்தப்போ தொண்ணூறு வயசு, கிழவி" என்பார் ஹசிந்தோ, கொஞ்சமும் கூசாமல்.

"சாராளுக்கு முட்டிவலி இருந்துச்சா? அவ அடுப்புல தண்ணி சொட்டுச்சா?"

"கர்த்தரோட நேரம் வேற, நம்ம நேரம் வேற."

இந்தப் பதிலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட எரிச்சல், அவர் பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கும் சிமெண்ட் சாக்குக் காகிதம். அதில் மேல்மாடியின் படம்: இரண்டு அறை, கிழக்கே ஜன்னல், ஜன்னலோரம் சின்னச் சதுரமாகத் தொட்டில். கர்த்தருடைய திட்டமாம்.

"கர்த்தர் வரைஞ்சதா, நீ வரைஞ்சதா?"

"அவர் காட்டினார், நான் வரைஞ்சேன்."

"ஜன்னல் எந்தப் பக்கம்னுமா காட்டினார்?"

உடனே அவர் பாட்டில் பொறுக்கக் கிளம்பிவிடுவார்.

இந்த அக்டோபரில் ஆறு கரை மீறியது. பள்ளத்தெரு வீடுகளில் இடுப்பளவு சேறு. சபையில் யார் இடம் கொடுப்பீர்கள் என்று போதகர் கேட்டபோது முதலில் எழுந்தவர் ஹசிந்தோ. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று குடும்பம், ஏழு பிள்ளைகள். நீலத் தார்ப்பாயை இழுத்து அந்தக் கம்பிகளிலேயே கட்டி, மொட்டை மாடியில் குடியேறினார்கள். ஒதீலியா ஒரு நாளைக்கு எண்பது தோர்த்தியா, சோள ரொட்டி, தட்டினாள். தார்ப்பாய் இருந்ததால் அடுப்பில் சொட்டவில்லை என்பதைக் கவனித்தாள், சொல்லவில்லை.

இரண்டாம் நாளே வம்பு. பிள்ளைகள் பாட்டில்களைக் கழற்றி வரிசையாக நிறுத்தி, பச்சை ஆரஞ்சுப் பழத்தை உருட்டி வீழ்த்தினார்கள். ஹசிந்தோ பதறிக்கொண்டு பிடுங்கி மறுபடி மாட்டினார். அவர் தலை மறைந்ததும் மறுபடி கழற்றினார்கள்.

"இது விளையாட்டுச் சாமானில்ல. கர்த்தரோட காரியம்."

"கர்த்தருக்கு எதுக்குத் தாத்தா காலி பாட்டில்?" என்றாள் நீத்ஸா என்கிற பல் விழுந்த வாண்டு.

சனிக்கிழமை அவர் பதினாறு பாட்டிலையும் மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மேல ஒரே ஓட்டம். ரெண்டு கம்பியை வளைச்சே விட்டாங்க. திங்கக்கிழமை இவங்களை வேற எடத்துக்கு அனுப்பச் சொல்லிப் போதகர்கிட்ட பேசப் போறேன்."

"எங்க போவாங்க? வீட்டுக்குள்ள இன்னும் சேறு கெடக்கு."

"அதுக்காக மாடி வரவேண்டிய எடத்தைக் கெடுத்துடறதா?"

தலைக்கு மேல் தடதடவென்று ஓடினார்கள். காரைத் துண்டு ஒன்று பானைக்குள் விழுந்தது. நாலு நாளாகச் செய்வதுபோல, கூரையைத் தட்டி அதட்ட ஒதீலியா துடைப்பத்தைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"கிழவா, அந்தப் பிரசங்கியார் என்ன சொன்னார்?"

"உனக்குத் தெரியாதா?"

"திருப்பிச் சொல்லு."

"ரெண்டு மாடி வீடு தெரியுதுன்னார்."

"அப்புறம்?"

"மேல குழந்தைங்க ஓடுற..." அவர் வாய் திறந்தபடியே நின்றது. மேலே ஓட்டம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"பத்தொன்பது வருஷமா கண்ணை மேலயே வச்சிருந்தியே, காதை எங்க வச்ச?" என்றாள் ஒதீலியா. ஆத்திரம் அவர்மேல் மட்டுமில்லை. அவள் கேட்டது இதை இல்லை. தொட்டிலில் கிடக்க ஒன்றைக் கேட்டாள். வந்ததோ யாரோ பெற்ற ஏழு, சேற்றுக் காலோடு. ஆனாலும் இத்தனை நாளில் இந்த வீட்டுக்கு மேலிருந்து வந்த பதில் இது ஒன்றுதான்.

ஹசிந்தோ பாட்டில்களை அணைத்தபடியே ஏணிப் பக்கம் நடந்தார். மறுபடி மாட்டத்தான் போகிறார் என்று அவளுக்கு அலுத்துப்போனது. இன்னும் இரண்டு கை பீன்ஸை அள்ளிப் பானையில் போட்டாள்.

மேலே பெரிய ஆரவாரம் கேட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டிவலியோடு, பல வருஷத்துக்குப் பிறகு, ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள். கம்பிகள் பதினாறும் மொட்டையாக நின்றன. நீத்ஸா ஆரஞ்சை உருட்டினாள், பாட்டில்கள் சரிந்தன. ஹசிந்தோ தார்ப்பாய்க்கடியில் முழங்காலிட்டு, விழுந்ததை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.