மனைவி விரலில் மாட்டிய கிளிப்

பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு 'டீசல்' என்று பெயர். மதியம் வண்டிகளை நிழலில் போட்டுவிட்டுக் கண்ணயரும்போது அவர் விடும் குறட்டை அப்படி. பதினேழு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதால் கிண்டலைச் சிரித்தே வாங்கிக்கொள்வார்.

போன மாதம் சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் தூங்கிவிட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். தூக்கப் பரிசோதனை முடிவு வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தெரு சுகாதார நிலையத்து நர்ஸ் டேப் வைத்து அவர் கழுத்தை அளந்தார். நாலைந்து கேள்வி கேட்டார். கடைசியில் விரலில் மாட்டும் ஒரு கிளிப்பைக் கொடுத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேணாம்ண்ணே. இதை மாட்டிட்டு உங்க வீட்டுலயே தூங்குங்க. ராத்திரி மூச்சு நின்னு நின்னு வந்தா பகல்ல இப்படித்தான் கண்ணு சொக்கும். அப்படி வருதான்னு இதுவே சொல்லிடும்."

சொல்லிவிடுமே என்பதுதான் அவர் பயம். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நீட்டினார்.

"நீ மாட்டிக்க. உன்ன மாதிரி தூங்க யாரால முடியும்?"

"தப்பு இல்லீங்களா?"

"வேலை போனா மட்டும் சரியா?"

மனைவிக்குத் துணி தேய்க்கும் கடையில் வேலை. உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். உறவுக்காரர்கள் முன்னாலேயே அவளைத் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார். கண்ணசந்து யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டு வந்த அன்று, "அப்படி என்ன கொழுப்பு உனக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து முடிவு கேட்கப் போனபோது, கடைக்குப் போகிற வழி என்று அவளும் கூட வந்தாள். நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினார். கோடு ரம்பத்தின் பல்லாக ஏறி இறங்கியது.

"மணிக்கு நாப்பது தடவைக்கு மேல ஆக்சிஜன் இறங்குது. டாக்டரும் பாத்துட்டாரு. கடுமையாத்தான் இருக்கு. இப்போதைக்கு ஸ்டியரிங் பக்கமே போகாதீங்கண்ணே."

"ஐயோ சிஸ்டர், அது நான் இல்ல! இவ விரல்ல மாட்டினது!"

வேலை தப்பித்தது என்று ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு முடியும் முன்பே நர்ஸ் தன் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிவிட்டார்.

"அக்கா, காலையில தலை வலிக்குமா?"

"தினமும்தான். சின்னவ பொறந்ததுலருந்து."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இவர்கிட்ட சொன்னேன். அவ்வளவு தூங்கினா வலிக்கத்தான் செய்யும்னாரு."

குறை சொல்லும் குரலே இல்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஏண்ணே, அக்கா குறட்டை உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

எப்படிக் கேட்கும்? அவருடைய சத்தத்தில் அவளுடையது அமுங்கிப் போயிருந்தது. மேசை மேல் கிடந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலைக்காகத்தான் வாய் திறந்தோம், அவளுக்காக இல்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

மறுபடி இருவருக்கும் தனித்தனியாகச் சோதனை. இந்த முறை நர்ஸே கிளிப்பை அவர் விரலில் வைத்து, பிளாஸ்திரி சுற்றி, அதன்மேல் கையெழுத்தும் போட்டு அனுப்பினார். முடிவில் அவருக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கும் அதே நோய்தான். சிகிச்சை சரியாகும்வரை வண்டி கிடையாது. மூச்சுக்குழாய் அடைக்காமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் முகமூடியை நர்ஸே அந்த அறையில் வைத்து இருவருக்கும் மாட்டிப் பழக்கினார்.

பத்தாம் நாள் காலை மனைவி ஜன்னலோரம் நின்று, "இன்னிக்குத் தலை கனமே இல்லீங்க" என்றாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. பதில் சொல்ல அவர் வாய் திறந்தபோது போன் அடித்தது. அவளுடைய அண்ணன், ஜன்னல்வரை கேட்கும் குரலில்.

"என்ன மாப்ள, தூங்குமூஞ்சி எழுந்துட்டாளா?"

அப்படிக் கூப்பிடாதீங்க மச்சான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பெயரை மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. மனைவி ஜன்னலோரத்திலிருந்து வந்து போனை வாங்கினாள்.

"எழுந்துட்டேன், சொல்லுண்ணே" என்றாள், அதுவே தன் பெயர் என்பதுபோல.