கிளச் தட்டுக்கு வைத்த பொட்டு

போன கிழமை மகளுடைய காரில் போகும்போது இங்கே டென்மார்க்கில், எங்கள் இக்காஸ்ட் ஊர்ச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். முன்னால் ஒரு பழைய கார். பச்சை விழுந்த பிறகும் உறுமியதே தவிர நகரவில்லை. கிளச் எரிகிற மணம் உள்ளே வந்தது. மகள் டேனிஷில் ஏதோ புறுபுறுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள். அவளுடையது மின்சாரக் கார், அதில் கிளச் என்ற சாமானே கிடையாது. நான் அந்த மணத்தை ஆசையாக இழுத்தேன். இழுத்த கையோடு வயிறும் எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

உடனே வேறு மாதிரி யோசிக்காதேயுங்கோ. பொம்பிளை ஒருத்தியும் இல்லை. எனக்குப் பொறாமை பீற்றரண்ணையில்.

நான் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த காலத்தில் இவர் துணி ஆலையில் வேலை. கூட வேலை செய்தவர்தான் பீற்றரண்ணை, மன்னார்க்காரர். எனக்கு முந்தி இருவரும் ஸ்கீவ என்ற ஊரில் ஒரே அறையில், ஒரே சோற்றுப் பானையில் இருந்தவர்கள். என்னைக் கேட்டால், நான் வருவதற்கு முன்னமே அங்கே ஒரு குடித்தனம் நடந்திருக்கிறது என்பேன். என்னோடு இவருக்குப் பேச்சு "ஓம்", "இல்லை", "உப்புக் காணாது" அவ்வளவுதான். பீற்றரண்ணை சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் போதும், மனுசன் ஆளே மாறிவிடுவார். கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எனக்காக ஒருமுறையாவது அப்படிச் சிரிக்கமாட்டாரா என்று ஏங்கிப் போயிருந்தேன். என்ன பகிடி என்று கேட்டால், "அது ஸ்கீவவில நடந்தது. உமக்கு விளங்காது" என்பார். போய்ப் பார்க்காத அந்த ஊரைப் போல வேறெந்த ஊரையும் நான் வெறுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை எங்கள் சிவப்புக் காரின் கிளச் முற்றாகத் தேய்ந்து போனது. அதில்தான் இருவரும் காலை வேலைக்குப் போவார்கள், திங்கட்கிழமை விடிய அது ஓடியாக வேண்டும். கராஜில் கொடுக்கிற பேச்சே இல்லை. எங்கள் ஆட்களில் கார் வைத்திருப்பவன் எல்லாம் பாதி மெக்கானிக்தானே. காரை ஜாக்கில் உயர்த்தி, இருவரும் மல்லாக்கப் படுத்து உள்ளே போனார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு கால்கள். பீற்றரண்ணை கியர்பெட்டியைத் தன் வயிற்றில் தாங்கி இறக்கினார். "மெதுவா மச்சான், மெதுவா" என்று இவர் பதறினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. தேத்தண்ணீரைத் தரையில் டக்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

புதுக் கிளச் தட்டைப் பூட்டுவதற்கு முன் இவர் என்னைக் கூப்பிட்டார். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடுகிறதா? தையல் மெஷின், வாங்கிய டிவி, எல்லாம் எங்கள் வீட்டில் பொட்டோடுதான் வேலை தொடங்கியவை. இரும்பில் ஒட்டட்டும் என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துத் தாராளமாக வைத்தேன். பீற்றரண்ணையும் விடவில்லை. "அம்மாளாச்சியோட மாதாவும் காவலுக்கு நிற்கட்டும் தங்கச்சி" என்று அதே குங்குமத்தைத் தொட்டு மற்றப் பக்கத்தில் சிலுவை கீறினார். இத்தனைக்கும், தட்டில் ஊத்தைக் கை படக்கூடாது என்று அதுவரை இருவரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள்!

ஞாயிறு காலையில் காரை எடுத்தார்கள். அது உதறிய உதறலில் வீட்டுக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. நாலு முழம் போய் நின்றுவிட்டது. பொட்டின் எண்ணெய் தட்டில் ஊறிவிட்டதாம், எண்ணெய் பட்டால் கிளச் பிடிக்காதாம். எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

எனக்குக் கவலையை விடச் சந்தோசம்தான், சொன்னால் என்ன? இன்றைக்கு இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள், ஒரு சண்டையாவது வரும் என்று யன்னலில் நின்று காத்திருந்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"பீற்றர், உன்ர சிலுவையடா."

"போடா, உன்ர பொட்டு!"

அவ்வளவுதான். அந்த ஆட்டம் கண்ட காருக்குள் இருந்து இரண்டு பேரும் தலையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். பொட்டு வைத்தவள் நான், குழைத்தவள் நான், சிரிப்பில் மட்டும் எனக்குப் பங்கில்லை. யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் போய் வெங்காயம் வெட்டினேன். அழுகைக்கு ஒரு சாட்டு வேண்டாமா?

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆலையும் பூட்டியாயிற்று. போன மாரியில் பீற்றரண்ணையையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம். இப்போது சனி ஞாயிறு என்றில்லை, நாள் முழுக்க இவர் என் பக்கத்தில்தான் இருக்கிறார். உப்புக் காணாது என்றுகூடச் சொல்வதில்லை.

அன்றைக்குச் சந்தியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஸ்கீவவில அப்பிடி என்னதான் நடந்தது? இப்பவாவது சொல்லுங்கோவன்."

"அது... பீற்றர் சாரம் கட்டிக்கொண்டு பனியில..." என்று தொடங்கினார். "அவன் சொன்னால்தானப்பா அது சிரிப்பு" என்று எழும்பிப் போய்விட்டார்.

மனுசன் இப்போது முழுக்க எனக்குத்தான். சிரிக்கிற மனுசனைத்தான் பீற்றரண்ணை கொண்டுபோய்விட்டார்.