பூனைக்கு முன்னால் வந்த இன்சூரன்ஸ்

எங்கள் வீட்டுக்குப் பூனை வருவதற்கு முன்பே அதன் இன்சூரன்ஸ் வந்துவிட்டது. வந்தது என்றால் காகிதமாக இல்லை, பேச்சாக. மலை மேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டில் மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் உண்டு, பைக்குக்கு எடுத்தவர்கள் உண்டு. இல்லாத பூனைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பேசிய குடும்பம் எங்களுடையது மட்டும்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அந்தப் பேச்சைக் கொண்டு வந்தவர் என் தாய்மாமா. அவர் மலையை விட்டு இறங்கி, அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் போய்க் குடியேறியவர். கொஞ்சம் நிலம், நிறைய வாய். விவசாயம் போக மீதி நேரத்தில் ஊர் ஊராகப் போய் இன்சூரன்சுக்கு ஆள் பிடிப்பார். உயிரோடு எது நடந்து வந்தாலும் அது செத்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கிற ஆள் என்று அம்மா தன் தம்பியைப் பற்றிச் சொல்வாள். ஆனால் அவர் பஸ்ஸை விட்டு இறங்குவது தெரிந்தால் காபிக்குத் தண்ணீர் வைக்க ஓடுகிறவளும் அவள்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கேள்வி. "இவளுக்குப் பதில் சொல்றதுக்குன்னே தனியா ஒரு ஆளு போடோணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

எங்களிடம் அதற்கு முன் ஒரு பூனை இருந்தது. கறுப்பி. பெயருக்குத்தான் அது வீட்டுப் பூனை, உண்மையில் அப்பாவின் பூனை. நான் தூக்கினால் பிராண்டும். அம்மா கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருக்கும். அப்பா மூங்கில் ஏணியைச் சாத்தி மிளகு பறிக்க ஏறினால் மட்டும், அடுத்த மரத்தில் அதுவும் ஏறிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி மாதிரி வேலையை மேற்பார்வை பார்க்கும். அதிகம் பேசாத அப்பா அதனோடு மட்டும் பேசிக்கொண்டே பறிப்பார். என்ன பேசுகிறார் என்று கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஒன்றும் பெரிதாக இல்லை, இந்தக் கொடி நன்றாகக் காய்த்திருக்கிறது, அந்தக் கொடிக்கு வாடல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் கறுப்பி மாட்டுக் கொட்டகையில் நுரை தள்ளிக் கிடந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அப்பா அதைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கீழே மாட்டாஸ்பத்திரிக்குப் போக மலையின் அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். அன்று அவர் வண்டி ஓட்டிய வேகத்தைப் பற்றி எதிரே வந்த பஸ் டிரைவர் ஊரில் வந்து திட்டிவிட்டுப் போனார். மதியம் அப்பா திரும்பி வந்தார். துண்டும் இல்லை, பூனையும் இல்லை.

"பாம்பு கடிச்சிருச்சு" என்றார். கை கால் கழுவிவிட்டு வந்து, "இனிமே இந்த ஊட்டுக்குப் பூனையே வேண்டாம்" என்றார்.

பூனை இல்லாத வீட்டை எலிகள் எடுத்துக்கொண்டன. பரணில் இருந்த சாமை மூட்டையில் ஓட்டை. அம்மாவின் கல்யாணப் புடவையில் ஓட்டை. என் பள்ளிக்கூடப் பையைக்கூட விடவில்லை. அம்மா நேராகக் கேட்டுப் பார்த்தாள், சாடையாகக் கேட்டுப் பார்த்தாள், தட்டை 'ணங்' என்று வைத்தும் கேட்டுப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. எனக்கோ மண்டை குடைந்தது. பூனையை அவ்வளவு பிடித்த மனிதருக்கு ஏன் பூனை வேண்டாம்? யோசித்து யோசித்து நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். செலவு. பெட்ரோல் போட்டு அவ்வளவு தூரம் போயும் பூனை செத்துவிட்டது, அதுதான் அப்பாவுக்குக் கடுப்பு. வேறென்ன இருக்க முடியும்?

இந்த நேரத்தில்தான் மாமா எங்கள் பசுவுக்கு இன்சூரன்ஸ் போட மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் பசுவின் காதில் மஞ்சள் அடையாள வில்லை ஒன்றை 'டக்' என்று குத்தினார். மாமா அப்பாவையும் பசுவையும் சேர்த்து நிற்க வைத்து போட்டோ எடுத்தார். பசு செத்தால் பணம் தருவார்கள் என்று விளக்கினார்கள். எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது.

"பூனைக்கு இருக்குதா மாமா?"

மாமா தன் ஆயுசில் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. "ஏங்கண்ணு இல்லாம? டவுன்ல நாய்க்கு எடுக்கறாங்க, பூனைக்கு எடுக்கறாங்க. ஆனா ஒண்ணு, பூனையக் கொண்டாரப்பவே எடுத்துரோணும். சீக்கு வந்த பொறவு போனா சேத்துக்க மாட்டாங்க."

அவர் வீட்டுப் பூனை அப்போதுதான் குட்டி போட்டிருந்ததும், குட்டிகளை யார் தலையிலாவது கட்டிவிட்டு வரச் சொல்லி அத்தை அனுப்பியிருந்ததும் எனக்குப் பிறகு தெரிந்தது. ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு காரியம். கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது.

அப்பா எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. பசுவைக் கட்டிவிட்டு வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னென்ன ஆனாக் குடுப்பாங்க மாப்ள?"

ஆரம்பித்தது அங்கேதான். அன்று முடியவில்லை. அடுத்த முறை மாமா வந்தபோதும் அதே பேச்சு, அதற்கடுத்த முறையும் அதே பேச்சு. பசுவுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர், பூனைக்கு வக்கீல் மாதிரி கேட்டார்.

"சீக்கு வந்தா?"

"வைத்தியச் செலவு குடுப்பாங்க மச்சான்."

"டாக்டரு மலைக்கு மேல வருவாருங்களா?"

"அதெப்படி வருவாரு? நீங்கதான் கொண்டுக்கிட்டுப் போகோணும்."

"போற வழியில செத்துப் போச்சுன்னா?"

"செத்ததுக்குப் பணம் வருமுங்க."

"செத்த பொறவு வர்றத வெச்சு நான் என்ன பண்றது? சாகறதுக்கு முன்னாடி எதாச்சும் வருமா, அதச் சொல்லு."

மாமா தலையைச் சொறிந்தார். முன்னாடி வருகிற இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியிலும் கிடையாது போலிருக்கிறது.

நடுநடுவே என் கேள்விகளும் உண்டு. பூனை பக்கத்து வீட்டுப் பாலைக் குடித்து உதை வாங்கினால் பணம் வருமா? ஓடிப் போய் மூன்று மாதம் கழித்துக் குட்டிகளோடு திரும்பி வந்தால் குட்டிகளுக்கும் சேர்த்தா? பாம்பு கடித்தால்? பாம்பு கடிக்கு நிச்சயம் உண்டு என்று மாமா சொன்னபோது நான் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பூனைக் காதில் அவ்வளவு பெரிய வில்லையை எப்படிக் குத்துவார்கள் என்று கேட்டேன். மாமா உற்சாகமாகி, மாடு செத்தால் வில்லையோடு காதை அறுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கிடையாது என்று விவரிக்கத் தொடங்கினார். "சோறு திங்கற நேரத்துல பேசற பேச்சா இது?" என்று அம்மா கரண்டியை ஓங்கிவிட்டாள். எனக்குப் பூனை மேல் இருந்த ஆசையில் பாதி பயமாக மாறிவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். பஸ் வருமோ வராதோ என்று மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கத்தியை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்.

"வளக்கறவனே கொன்னுபுட்டா?"

மாமா சிரித்தார். "வேணுமுன்னு கொன்னா ஜெயிலுங்க மச்சான்."

"வேணுமுன்னு இல்ல. தெரியாம."

"அத நம்ம கவனக்குறைவுன்னு எழுதிருவாங்க. ஒத்தப் பைசா வராது."

அப்பா சீவுவதை நிறுத்தினார். "வரக்கூடாதுதான்" என்றார். "அதுதான் நாயம்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் மாப்ள" என்றார்.

பணம் வராது என்று சொன்னதற்கு நியாயம் என்று ஒத்துக்கொண்ட ஒரே வாடிக்கையாளரை மாமா வாயைப் பிளந்து பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! இன்சூரன்ஸ் இல்லை என்றால் பூனையும் இல்லை, அவ்வளவுதானே? இவ்வளவு நாள் பேசியதெல்லாம் போச்சு. மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். மழைச் சேற்றில் புரண்டதற்கு அம்மா முதுகில் நாலு வைத்தாள். நான் அப்பாவைக் கஞ்சன் என்று கத்தினேன். அவர் மழை விடுகிறவரை குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் மரவள்ளிக் காட்டுக்குள் பெருச்சாளி வளை ஒவ்வொன்றாகக் குனிந்து கொட்டாங்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அழுகையை மறந்து பின்னாலேயே போய், நானும் ஒன்றை எடுக்கக் குனிந்தேன். "தொடாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் உட்கார்ந்தேவிட்டேன். என்னை ஒருநாளும் அதட்டாத மனிதர். அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டு, பாறைக்குப் பக்கத்தில் ஆள் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தார். பிறகு ஓடையில் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கொட்டாங்குச்சிக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் காட்டுப் பாதையில் நடந்தே புளியஞ்சோலைக்கு இறங்கினார். சாயங்காலம் வரும்போது தோளில் ஒரு கோணிப்பை. பைக்குள் 'மியாவ்'. திரும்பிப் போக வழி தெரியக்கூடாது என்று பையின் வாயைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவிழ்த்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமலே பூனை வரும் என்றால் இத்தனை நாள் எதற்குப் பேசினார்கள்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் குட்டி என் மடியில் ஏறிவிட்டது. சந்தோஷத்தில் எல்லாம் மறந்து போய்விட்டது.

பாம்பு எதுவும் கடிக்கவில்லை என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். மரவள்ளிக் கிழங்கைப் பெருச்சாளி தோண்டுகிறது என்று அப்பா கருவாட்டில் விஷத்தைத் தடவி, கொட்டாங்குச்சியில் போட்டு வளைக்கு வளை வைத்திருக்கிறார். மலையில் எல்லாரும் செய்வதுதான். பூனை காட்டுக்கு வராது என்று நினைத்திருக்கிறார். அவர் இருக்கிற இடத்துக்கெல்லாம் கறுப்பி வரும் என்பதை அந்த ஒரு நாள் மறந்துவிட்டார். "'புள்ளகிட்டச் சொல்லாத'ன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு" என்றாள் அம்மா.

ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாம் வகுப்புக்காரியின் கதை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வருஷம் பெருச்சாளிகள் எங்கள் காட்டில் கல்யாண விருந்து சாப்பிட்டன என்பதுதான். கிழங்கு ஏற்ற வந்த லாரிக்காரர் பாதி லாரியோடு போனார். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எலி மருந்து வேண்டுமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாங்க என்று கும்பிட்டுவிட்டார். இரும்புப் பொறியை வைத்துக்கொண்டு மாரடித்தார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "ஏனுங்க, பூனையக் கொண்டாந்தது எலியத் திங்கவா, இல்ல எலியக் காப்பாத்தவா?" என்று கேட்டேவிட்டாள். குட்டியோ அடுப்படியில் கொழுத்துப் போய்ப் படுத்திருந்தது.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சந்தையிலிருந்து வரும்போது அப்பா குட்டிக்கென்று கருவாடு வாங்கி வருவார். நேராகப் போட மாட்டார். ஒரு துண்டைப் பிட்டு முதலில் தன் வாயில் போட்டு மென்று விழுங்குவார். குட்டி காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அவர் கொடுக்க மாட்டார். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம்தான் மீதியைப் போடுவார். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, ஓடியா! அப்பா பூனைகிட்டப் புடுங்கித் திங்கறாரு!" என்று கத்தினேன். அம்மா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காத கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கேட்பேனா? எங்கப்பாவுக்குக் கருவாடு என்றால் உயிர், பூனைக்குக்கூட விட்டு வைக்க மாட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.