பேய்ப்படத்தில் அழுத தாணம்மாள்

குளச்சலில் வீடியோ கேசட் கடை நடத்திய காலத்தில், ரஹ்மத் பீவி படங்களை அழுகை, சிரிப்பு, அடிதடி, பேய் என்று தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருந்தாள். எதிர்வீட்டுத் தாணம்மாள் அழுகைப் படம் மட்டுமே எடுப்பாள்; பேய்ப்படம் என்றால் பக்கத்திலேயே வரமாட்டாள்.

கடை மூடிப் பல வருடங்கள் கழித்து, போன வாரம் இருவரும் நாகர்கோவிலில் ஒரு படத்துக்குப் போனார்கள். சிரிப்புப் படம் என்று தாணம்மாளின் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். திரையில் பேய் ஆட, தியேட்டரே சிரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தான் அந்தப் பேய் என்று தெரிந்ததும் தாணம்மாள் தேம்பத் தொடங்கினாள்.

"இது என்ன வகைப் படம் மக்கா? எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்லியே!" என்றாள் ரஹ்மத் பீவி.

"என்னவா இருந்தா என்ன? நல்லா அழுதேன், கேட்டியா" என்று மூக்கைச் சிந்தினாள் தாணம்மாள்.

மத்தியான வேளைகளில் இருவரும் சேர்ந்து கேசட் போட்டு அழுததெல்லாம் ரஹ்மத் பீவிக்கு நினைவு வந்தது. அவளுக்கும் கண் நிறைந்தது.