ஆட்டுக்குப் பின்னால் நீந்திய கேப்டன்

பெலிக்கன் பே கடற்கரைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குவார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் போய்ப் பவளப்பாறை பார்ப்பது, நைலான் குளத்தில் முங்குவது, மதியத்துக்கு நண்டுக் குழம்பும் டம்ப்ளிங் என்கிற மாவுருண்டையும், ஈஸ்டர் சமயம் என்றால் செவ்வாய்க்கிழமை ஆட்டுப் பந்தயம். டொபாகோவில் பிறந்த எங்களில் பாதிப் பேர் இவற்றில் நண்டைத் தவிர வேறெதையும் தேடிப் போனதில்லை. பட்டியலின் முதல் இரண்டும் ஆல்ஸ்டன் டாப்பினுடைய பிழைப்பு.

டாப்பினுக்கு அறுபத்தொரு வயது. படகோட்டத் தொடங்கி முப்பத்துநான்கு வருஷம். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். நைலான் குளம் என்பது கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி, நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் மணல் திட்டு. அங்கே போனதும் டாப்பின் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படகு விளிம்பிலிருந்து தொபுக்கென்று குதிப்பார். பெண்கள் வீல் என்று கத்துவார்கள். அவர் நடுக்கடலில் இடுப்பளவில் நின்றுகொண்டு சிரிப்பார்.

"ஒரு முங்கு முங்கினா பத்து வயசு குறையும். என்னையே பாருங்க, எனக்கு நூத்திமுப்பது!"

எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அலுக்காது. கேட்கிறவர்கள் புதிது, அவ்வளவுதான் வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. கேப்டன் டாப்பினுக்கு நீச்சல் தெரியாது. மார்பளவுக்கு மேலான தண்ணீரில் அவர் வாழ்நாளில் இறங்கியதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய அப்பா மீன் பிடித்தவர். நீச்சல் தெரிந்தவன் படகை விட்டு வெளியே போவான், தெரியாதவன் படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவான் என்பது அந்தக் காலத்துக்காரர்களின் கணக்கு. பிள்ளைகள் ஆழத்தில் இறங்கினால் முதுகுத்தோல் உரியும். அப்பாவின் கணக்கு சரியோ தப்போ, சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியபோது டாப்பினிடம் படகு இருந்தது, நீச்சல் இல்லை. கடலில் பிழைப்பவனைப் பார்த்து உனக்கு நீந்த வருமா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் கேள்வி வரத்தான் செய்தது. பாறையைத் தாண்டிய ஆழத்தில், படம் எடுக்க எட்டிப் பார்த்த ஒரு ஜெர்மன்காரி தவறி விழுந்துவிட்டாள். கூட வேலை செய்த டெஸ்மண்ட் அடுத்த நொடியே குதித்தான். டாப்பின் சுக்கானைப் பிடித்தபடி நின்றார். டெஸ்மண்ட் அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்து சேர்க்கும்வரை அசையவில்லை. அன்று சாயங்காலம் ரம் கடையில் ஊரே அவரைக் கொண்டாடியது. அலை அந்த அடி அடிக்கும்போது சுக்கானை விட்டு நகரவில்லையே, அவனல்லவா கேப்டன் என்றார்கள். டெஸ்மண்டுக்கு ஒரு பாட்டில் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். அவன் பிறகு புரூக்ளினுக்குப் போய்விட்டான். டாப்பின் அந்தப் பாராட்டை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டார். அது செரிக்கவே இல்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் உத்தரவு வந்தது. பயணிகளை ஏற்றும் படகோட்டிகள் எல்லோரும் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் நீச்சல் தேர்வு கொடுக்க வேண்டும். படகுத்துறையிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு மிதவை. அதைத் தொடாமல் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். லைஃப் ஜாக்கெட் கூடாது. தேறாதவர்களுக்கு லைசென்ஸ் இல்லை, மறுதேர்வு ஜூனில்.

ஈஸ்டர் போனால் டாப்பினுக்கு வருஷம் போன மாதிரி. ஆனால் அதைவிட, மற்ற எட்டுப் படகோட்டிகளும் பாதி ஊரும் பார்க்க, துறையோரத்தில் கல்லைப்போல் முழுகப்போகிறோமே என்பதுதான் அவரை அரித்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் இரண்டு வீடு தள்ளி இருக்கும் இஸ்மேயிடம் போனார்.

இஸ்மே அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பந்தய ஆடு வளர்க்கிறாள். எங்கள் ஊரில் பந்தய ஆட்டைத் தினமும் விடியற்காலையில் கடலில் நீந்தவிட்டுத்தான் காலுக்கு வலு ஏற்றுவார்கள். அவளுடைய கிடாவுக்கு ஜட்ஜ் என்று பெயர். முகத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். யாரைப் பார்த்தாலும் தண்டனை கொடுக்கிற பார்வை.

"இஸ்மே, உனக்கு நீச்சல் தெரியும்ல? எனக்குக் கத்துக்குடு."

அவள் ஆட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "காலையிலேயே ஊத்திட்டியா?"

"சத்தியமா. எனக்குத் தெரியாது."

அவள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்போ அந்த ஜெர்மன்காரி விழுந்தப்ப?"

"பயந்துபோய் நின்னேன். கை சுக்கான்ல ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

இஸ்மே கையில் மிச்சமிருந்த இலையையும் ஆட்டுக்கு முன்னால் போட்டாள். பிறகு, "நல்ல ஆளாப் பார்த்துத்தான் வந்திருக்கே. எனக்கும் தெரியாது ஆல்ஸ்டன்," என்றாள். "நான் துறை மேல நடந்துக்கிட்டுக் கயித்தைப் பிடிச்சுக்குவேன். நீந்துறது அவன்தான்." ஜட்ஜைக் காட்டினாள்.

ஜட்ஜ் இலையை மென்றபடி டாப்பினைப் பார்த்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மறுநாள் விடிகிற நேரத்தில் கேப்டன் டாப்பின் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கிடாவுக்குப் பின்னால் கடலில் இறங்கினார். இஸ்மே துறை மேல் நடந்தாள். அவள் கையில் இரண்டு கயிறு. ஒன்றின் முனையில் ஜட்ஜ், இன்னொன்றின் முனையில் டாப்பின்.

"அவன் தலையைப் பாரு. தூக்கியே வச்சிருக்கான். நீ எதுக்குக் கீழ பார்க்குறே? கீழ என்ன இருக்கு?"

"ஆழம் இருக்குடி."

"அது நேத்தும்தான் இருந்துச்சு. காலை உதைப்பா."

முதல் வாரம் ஜட்ஜ் தினமும் இரண்டு தடவை துறைமுனை வரை போய்வந்தது, டாப்பின் குடித்த உப்புத்தண்ணீருக்குக் கணக்கில்லை. இரண்டாம் வாரம் ஜாக்கெட்டைக் கழற்றினார். ஆடு முன்னங்காலால் தண்ணீரை வாரி வாரிப் பின்னால் தள்ளுவதை அப்படியே கையால் செய்தார். பார்க்கச் சகிக்காது. ஆனால் மிதந்தார்.

மூன்றாம் வாரம் குவாமினா பார்த்துவிட்டான். குவாமினாவும் கண்ணாடிப் படகு ஓட்டுகிறவன். டாப்பினுக்கு வரும் பயணிகளைத் துறைவாசலிலேயே மடக்கப் பார்க்கிறவன், அதனாலேயே அவருக்கு நெருங்கிய சிநேகிதனும்கூட.

"டேய் டாப்பின், இந்த வயசுல பந்தயத்துல ஓடப்போறியா? ஜட்ஜ் பாவம்டா, உன்னை இழுத்து இழுத்து இளைச்சே போயிட்டான்!"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

"இஸ்மேக்கு இடுப்புவலி. ஒத்தாசைக்கு இறங்கினேன்," என்றார் டாப்பின், கழுத்தளவுத் தண்ணீரில் கால்விரல் நுனியில் நின்றபடி.

"ஒத்தாசையா? நடக்கட்டும், நடக்கட்டும்." ஊருக்குப் பேச வேறு கதை கிடைத்தது. இஸ்மே விதவை, டாப்பின் மனைவியை இழந்தவர். மாதா கோயில் வாசலில் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். டாப்பின் மறுக்கவில்லை. உண்மையைவிட அது எவ்வளவோ தேவலை என்று நினைத்தார். இஸ்மேக்குத்தான் கோபம் வந்தது. "உன் மானத்துக்கு என் பேரைப் போர்த்திக்கிறியா?" என்று கேட்டு, இரண்டு நாள் கயிற்றைப் பிடிக்க வரவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

தேர்வன்று துறையில் கூட்டம். தீவின் தலைநகரான ஸ்கார்பரோவிலிருந்து வந்த அதிகாரி, மெல்வில் என்று பெயர், குடைக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது படகோட்டிகளும் வரிசையில் நின்றார்கள். முதல் பெயர் டாப்பின்.

அவர் சட்டையைக் கழற்றப் போனார். மெல்வில் சிரித்தார்.

"கேப்டன், நீங்க எதுக்கு? மீனுக்கு யாராவது நீச்சல் பரீட்சை வைப்பாங்களா? அந்த ஜெர்மன் அம்மா விழுந்தன்னைக்குச் சுக்கானை விடாம நின்னீங்களே, ஸ்கார்பரோ வரைக்கும் பேச்சு. இந்தாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். பிடிங்க."

கூட்டம் கைதட்டியது. தாள் நீண்டது. ஈஸ்டரும், படகும், முப்பத்துநான்கு வருஷத்துப் பெயரும் அந்தத் தாளில் இருந்தன. கையை நீட்டினால் போதும். டாப்பின் வாங்கவும் வாங்கினார். இரண்டு அடி நடந்தார். பிறகு திரும்பி வந்து மேசைமேல் வைத்தார்.

"வேணாம் சார். பரீட்சை வைங்க."

"எதுக்கு கேப்டன்?"

"அன்னைக்கு நான் கடமைக்காக நிக்கலை. அப்போ எனக்கு நீந்தத் தெரியாது. பயத்துல நின்னேன். குதிச்சவன் டெஸ்மண்ட். அவனைத்தான் கொண்டாடியிருக்கணும்."

டாப்பின் தொப்பியை இஸ்மே கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

தலையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளிக்கொண்டு அவர் போன போக்கைப் பார்த்ததும் யாரோ ஆடு கத்துவதுபோல் கத்தினார்கள். துறை முழுக்கச் சிரித்தது. குவாமினா மட்டும் சிரிக்கவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மிதவைவரை போய்விட்டார். அங்கே மூச்சு வாங்கியது. கீழே பார்த்துவிட்டார். கரும்பச்சையாகக் கிடந்த ஆழத்தைப் பார்த்ததும் இரண்டு கையும் தாமாகவே போய் மிதவையைக் கட்டிக்கொண்டன.

"தொடக்கூடாது கேப்டன்!" என்று மெல்வில் கத்தினார்.

தொட்டாயிற்று. தோற்றாயிற்று. இனி படகு அனுப்பித் தூக்கிவரச் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு நிமிஷம் போல் அப்படியே கிடந்தார். துறைமேல் இஸ்மே நிற்பது தெரிந்தது. அவள் கையில் இன்று கயிறு இல்லை. டாப்பின் மிதவையை விட்டார். வாரி வாரித் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து படியைப் பிடித்தார்.

மெல்வில் சங்கடத்தோடு தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளில் எழுதினார். "ஜூன்ல வாங்க கேப்டன். வேற வழியில்லை." டாப்பின் தலையாட்டிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கடியில் வயிறு மட்டும் பல வருஷங்களுக்குப் பிறகு லேசாக இருந்தது.

"அடுத்தது, குவாமினா."

குவாமினா கூட்டத்துக்குள் நகர்ந்தான்.

"குவாமினா?"

"சார், காலையில இருந்து வயித்துப்போக்கு," என்றான் குவாமினா.

"சரி. ஹூபர்ட் டிரிம்?"

ஹூபர்ட்டுக்கு வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்களாம். அடுத்தவனுக்குக் காதில் சீழ். அதற்கடுத்தவன் சொல்லிக்கொள்ளாமலேயே வரிசையை விட்டு நழுவினான். டாப்பின் போக மீதி எட்டுப் பேரில் மூன்று பேர்தான் கடைசியில் தண்ணீரில் இறங்கினார்கள். அந்த மூன்று பேரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

டாப்பினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவருக்கு வந்தது சிரிப்பு அல்ல, ஆத்திரம். ஊரிலேயே தான் ஒருவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நினைத்து முப்பத்துநான்கு வருஷம் கூசிக் கூசி வாழ்ந்திருக்கிறார். எழுந்து போய், கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த குவாமினாவின் சட்டையைப் பிடித்தார்.

"அடப்பாவி! இத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துல படகைக் கட்டினோமே. ஒருநாளாவது என்கிட்ட சொன்னியாடா?"

"நீ சொன்னியா?" என்றான் குவாமினா.

டாப்பின் சட்டையை விட்டார்.

அந்த ஈஸ்டருக்குப் பெலிக்கன் பேயில் மூன்று படகுகள்தான் ஓடின. பட்டியலோடு வந்தவர்கள் வெயிலில் வரிசை நின்று எங்களைத் திட்டினார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் இஸ்மே ஜட்ஜைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தபோது, கரையில் ஐந்து பெரிய மனிதர்கள் அரைக்கால் சட்டையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். டாப்பின் ஏற்கெனவே கழுத்தளவில் நின்றுகொண்டிருந்தார். குவாமினா முதலில் இறங்கினான். டாப்பின் அவன் வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத் தண்ணீர்மேல் படுக்கவைத்தார். அந்தப் பெரிய உடம்பு கிடுகிடுவென்று நடுங்குவது கைக்குத் தெரிந்தது.

"பயமா இருக்குடா," என்றான் குவாமினா.

"எனக்கும்தான்," என்றார் டாப்பின். "கையை எடுக்கமாட்டேன். உதை."