டைப் அக்கா பேசிய கூட்டம்

எங்கள் அலுவலகத்தில் டைப்ரைட்டர் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவள் எல்லோருக்கும் டைப் அக்காதான். நடுவில் அவள் மேசைப் பலகையில் ஸ்டெனோ, செயலாளர், அலுவலக உதவியாளர் என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தார்கள். பலகை மாறும்போதெல்லாம் வேலை கூடியது, மரியாதை கூடியதாக எனக்கு நினைவில்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரியும். அவளோ, "விடு, பலகையாவது புதுசா கிடைக்குதே" என்று சிரிப்பாள்.

வாராந்திரக் கூட்டத்தில் நாங்கள் மேசையைச் சுற்றி ஜம்மென்று உட்காருவோம். அக்கா கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதுவாள். நாங்கள் உளறியதைக்கூட உளறல் தெரியாமல் திருத்தித் தந்து மானத்தைக் காப்பாற்றுவாள்.

போன மாதம் புது மேலாளர் வந்தார். வந்த கையோடு, நிர்வாகப் பிரிவின் தலைமைப் பொறுப்பை அக்காவுக்குக் கொடுத்து, மேசையில் அவளுக்கும் நாற்காலி போடச் சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. நிர்வாகப் பிரிவு இருக்கும் ஜன்னல் அறையை விருந்தினர் அறையாக்கிவிட்டு, பிரிவில் இருப்பவர்களை வராந்தாவில் உட்கார வைக்கலாம் என்று ஆரம்பித்தார். "இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்லதானே? அவங்களுக்கு எதுக்குத் தனி அறை?" என்றார். அடுத்த கூட்டத்தில் முடிவு.

அக்கா ஆடிப்போய்விட்டாள். என்ன பேசுவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்தாளாம். அந்த ஒத்திகையில் மேலாளர் வேஷம், பஸ் ஓட்டுகிற அவள் கணவருக்கு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பேச, அவர் விறைப்பாக நின்று, "கேக்கல, கேக்கல! என் பஸ்ஸுல இப்படிப் பேசினா ஸ்டாப்பே வராதும்மா" என்று விரட்டினாராம்.

கூட்டத்தன்று அக்கா புது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷம், கையில் நோட்டு. ஜன்னல் அறைப் பேச்சு வந்ததும் மேலாளர் அவளைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, பேனாவைத் தயாராகப் பிடித்தபடி, யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அக்கா, உங்களைத்தான் கேக்கிறாரு!"

"ஐயையோ, என்னையா?"

மேசையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் பயமும் போயிருக்க வேண்டும்.

"சார், வேலை கம்ப்யூட்டர்லதான் நடக்குது. ஆனா லீவு கேட்டு வர்றவர் கம்ப்யூட்டரோட நிறுத்துறதில்லையே. பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி என் முன்னாடி உக்காந்து அழறாரு. வராந்தாவுல வச்சு அழச் சொல்லவா? நீங்ககூட சேர்ந்த அன்னிக்கு அந்தக் கதவைச் சாத்திட்டுத்தானே, இங்க யார் யார் எப்படின்னு என்கிட்ட விசாரிச்சீங்க?"

மேலாளர் காது சிவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம், அவர் கூரையைப் பார்த்தார். அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் சார். நான் பேசுறதை யார் எழுதுறா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒருவரிடமும் பேனாகூட இல்லை. மேலாளர்தான் கையை நீட்டினார். அக்கா நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மளமளவென்று பொரிந்து தள்ளினாள். மேலாளர் கையில் பேனா திணறியது.

"மேடம், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

"சரி சார், எழுதிக்கோங்க" என்றாள் அக்கா. "ஜன்னல் அறை... நிர்வாகப் பிரிவுக்கே."

அவரும் எழுதிவிட்டார்.